மெனுவில் தெரியும் பக்கங்கள் தேடலில் ஏன் வருவதில்லை: கூகுள்பாட் பின்தொடரக்கூடிய இணைப்புகள் பற்றி

ஒரு பதிப்பகத்தின் இணையதளத்தைப் பராமரிக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: வேர்ட்பிரஸில் இருந்த பழைய தளத்தைக் கைவிட்டு, ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியில் புதிய தளம் அமைத்திருக்கிறீர்கள், ஏறத்தாழ 600 நூல்களுக்குத் தனித்தனிப் பக்கங்கள் உண்டு, மேலே உள்ள மெனுவில் சிறுகதை, நாவல், கட்டுரை, சிறுவர் நூல்கள் என எல்லாப் பிரிவுகளும் தெரிகின்றன, கிளிக் செய்தால் உடனே திறக்கின்றன, ஆனால் தளம் தேடலில் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் முகப்புப் பக்கத்தையும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பக்கங்களையும் தவிர எதுவும் இன்டெக்ஸ் ஆகவில்லை, அதாவது கூகுளின் தேடல் பட்டியலில் சேரவில்லை. மெனுவின் நிரலையும், தமிழ்–ஆங்கில மாற்றுப் பொத்தான், ‘மேலும் காட்டு’ பொத்தான், வடிகட்டிகள் ஆகியவை இயங்கும் விதத்தையும் நீங்கள் விளக்கியிருப்பதால், பொதுவாகப் பேசாமல் உங்கள் தளத்தை வைத்தே சொல்கிறேன்.

உங்கள் மெனுவின் ஒவ்வொரு வரியும் ஒரு ‘டிவ்’ டேக். அதன் மேல் ‘ஆன்கிளிக்’ வைத்து, அழுத்தும்போது ஒரு ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறு புதிய பக்கத்தைத் திறக்கும்படி எழுதியிருக்கிறார்கள். விரலால் தொடும் வாசகருக்கு இது இணைப்பைப் போலவே நடந்துகொள்கிறது. தளங்களைத் தானாகச் சுற்றிப் படிக்கும் கூகுளின் நிரலான கூகுள்பாட்டுக்கு அது இணைப்பே அல்ல, ஏனெனில் அது எதையும் கிளிக் செய்து பார்ப்பதில்லை. அது ஒரு பக்கத்தை எடுத்து, அதில் எழுதப்பட்டிருக்கும் முகவரிகளைப் படித்து, அவற்றைத் தன் வரிசையில் சேர்த்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறது. உங்கள் மெனுவில் ‘சிறுகதை’ என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல் எந்த முகவரிக்குப் போகிறது என்பது அழுத்திய பிறகுதான் தெரியவரும். அழுத்த ஆள் இல்லாத இடத்தில் அந்த முகவரியும் இல்லை.

கூகுள் தன் ஆவணத்தில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: ‘ஏ’ டேக்காக இருந்து, அதில் ‘எச்ரெஃப்’ என்ற பண்பு இருந்து, அந்தப் பண்பின் மதிப்பு உண்மையான முகவரியாக இருந்தால்தான் பொதுவாக அது இணைப்பாகப் பின்தொடரப்படும். இந்த மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஏ டேக் இருந்து எச்ரெஃப் இல்லாமல் ஆன்கிளிக் மட்டும் இருந்தால் பயனில்லை. ஸ்பான் டேக்கில் எச்ரெஃப் எழுதியிருந்தாலும் பயனில்லை. எச்ரெஃப் இருந்தும் அதன் மதிப்பு வெறும் ஹாஷ் (#) குறியாகவோ, ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்று தொடங்கி ஒரு செயற்கூறை அழைப்பதாகவோ இருந்தால் அதுவும் அப்படியே. இத்தகைய இடங்களில் முகவரி போலத் தோற்றமளிக்கும் எழுத்துத் தொடரை கூகுள் சில வேளைகளில் ஊகித்து எடுத்துப் பார்க்கக்கூடும். உங்களுக்கு இன்டெக்ஸ் ஆகியிருக்கும் அந்தச் சில பக்கங்கள் அப்படி வந்தவையாகவோ, வெளித்தளங்கள் கொடுத்த இணைப்புகள் வழியே வந்தவையாகவோ இருக்கலாம். 600 நூல்களை அந்த ஊகத்தை நம்பி விட்டுவைக்கக் கூடாது.

எனவே மெனுவில் செய்ய வேண்டிய திருத்தம் உண்மையில் சிறியது. டிவ் இருக்கும் இடத்தில் ஏ டேக் வர வேண்டும். அதன் எச்ரெஃப் மதிப்பாக, ‘நூல்கள்’ என்ற அடைவின் கீழ் ‘சிறுகதை’ என்பது போல, சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதை வர வேண்டும். இடையில் வாசகர் காணும் சொல் வர வேண்டும். பக்கம் முழுவதும் மீண்டும் ஏற்றப்படாமல் வேகமாக மாறும் வசதியை இதற்காக நீங்கள் இழக்க வேண்டியதில்லை. தளத்துக்குள் பக்கம் மாறுவதைக் கவனிக்கும் ரியாக்ட் ரவுட்டர் தரும் ‘லிங்க்’ கூறு, பக்கத்தில் வரும்போது எச்ரெஃப் உள்ள ஏ டேக்காகத்தான் வருகிறது. அழுத்தும்போது மட்டும் உலாவியின் வழக்கமான செயலைத் தடுத்து, தானே பக்கத்தை மாற்றுகிறது. ரியாக்ட்டைப் போன்ற வியூ என்ற கருவியின் ‘ரவுட்டர் லிங்க்’ கூறும் அப்படியே. ஆங்குலர் என்ற கருவியில் மட்டும் ஒரு கவனம் தேவை: ரவுட்டர்லிங்க்கை ஏ டேக்கின் மேல் வைத்தால் எச்ரெஃப் தானே சேரும், பொத்தானின் மேலோ டிவ்வின் மேலோ வைத்தால் சேராது. அதாவது, சரியான கருவி உங்கள் நிரலாளரின் கையிலேயே ஏற்கெனவே இருக்கிறது. வடிவமைப்பு எளிதாக இருக்கிறது என்பதற்காக அதைத் தவிர்த்திருக்கிறார். இந்தத் தவறைப் பெரிய தளங்களிலும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இதைத் திருத்தும்போது ரவுட்டர் எந்த வகை முகவரியைப் பயன்படுத்துகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். ஹாஷ் குறிக்குப் பின்னால் பாதையை எழுதும் முறை ஒன்று உண்டு. முகவரியில் ஹாஷுக்குப் பிறகு வருவதை கூகுள் தனிப் பக்கமாகக் கொள்வதில்லை. அப்படி அமைந்த தளத்தில் 600 நூல்களும் ஒரே முகப்புப் பக்கமாகச் சுருங்கிவிடும். ஹாஷும் வியப்புக்குறியும் சேர்த்து எழுதினால் கூகுள் படிக்கும் என்று இன்றும் சிலர் ஆலோசனை சொல்வார்கள். அது 2009-இல் கூகுள் முன்வைத்த ஏற்பாடு. 2015 அக்டோபரில் கூகுளே அதைக் கைவிடும்படி அறிவித்துவிட்டது. இன்று உலாவியின் ஹிஸ்டரி ஏபிஐ வசதி வழியாக, ஹாஷ் இல்லாத சாதாரண முகவரிகளையே பயன்படுத்த வேண்டும். அந்த முகவரி ஒவ்வொன்றையும் சர்வரிடம் நேராகக் கேட்டாலும் அதே பக்கம் வர வேண்டும். முகப்பிலிருந்து கிளிக் செய்து வந்தால் திறந்து, முகவரியை நேராகத் தட்டச்சு செய்தால் 404 (பக்கம் இல்லை) என்று காட்டும் தளங்கள் நிறைய உண்டு, கூகுள்பாட் எப்போதும் நேராகத்தான் வரும்.

அடுத்த கேள்வி, இணைப்புகள் எப்போது பக்கத்தில் தோன்றுகின்றன என்பது. கூகுள்பாட் முதலில் சர்வர் அனுப்பும் எச்டிஎம்எல்லை, அதாவது பக்கத்தின் மூல நிரலைப் படிக்கிறது. பிறகு அந்தப் பக்கத்தை ஒரு வரிசையில் வைத்து, குரோமியம் உலாவியைக் கொண்டு ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்கிப் பார்த்து, அதன் பிறகு தோன்றும் வடிவத்திலும் இணைப்புகளைத் தேடுகிறது. 2019 மே மாதம் வரை இந்த வேலைக்கு குரோம் 41 என்ற பழைய பதிப்பே பயன்பட்டது. அதன் பின் உலாவி தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு வருகிறது. எனவே ஜாவாஸ்கிரிப்ட் வரைந்த மெனுவை கூகுள் பார்க்கவே பார்க்காது என்று சொல்வது இப்போது பிழை. ஆயினும் மெனுவையாவது சர்வரிலிருந்து வரும் முதல் எச்டிஎம்எல்லிலேயே கொடுத்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். வரிசையில் காத்திருக்கும் நேரம் சில நொடிகளாகவும் இருக்கலாம், அதற்கு மேலும் ஆகலாம். நிரலில் ஓரிடத்தில் பிழை நேர்ந்தால் மெனு முழுவதும் காணாமல் போகும். கூகுள்பாட்டைப் போலத் தளங்களைச் சுற்றிப் படிக்கும், கூகுள் அல்லாத பல கிராலர்கள் ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்குவதே இல்லை. ரியாக்ட்டை விட்டுவிடாமலேயே நெக்ஸ்ட் ஜேஎஸ் போன்ற ஒன்றைக் கொண்டு சர்வரில் பக்கங்களைத் தயாரித்து அனுப்பலாம். மாதத்திற்கு ஒருசில நூல்கள் மட்டுமே சேரும் பதிப்பகத்துக்குப் பக்கங்களை முன்கூட்டியே நிலையான கோப்புகளாக உருவாக்கி வைப்பதே போதும், செலவும் குறையும்.

இங்கே ரோபாட்ஸ் கோப்பையும் ஒரு முறை திறந்து பாருங்கள். கிராலர்கள் தளத்தின் எந்தப் பகுதிக்குள் வரலாம், வரக்கூடாது என்று சொல்லும் இந்தக் கோப்பு வழக்கம் 1994-இல் தொடங்கியது. ஸ்கிரிப்ட் கோப்புகள் இருக்கும் அடைவை அதில் தடுத்து வைத்திருந்தால், மெனுவை வரையும் நிரல் கூகுள்பாட்டின் கைக்கே போகாது, வரைந்து பார்க்கும் கட்டத்தில் மெனு வெறுமையாக இருக்கும். தளம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் போட்ட தடையை எடுக்க மறந்திருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் ஒன்று.

மெனு மூடியிருப்பது குறித்து நீங்கள் கவலைப்பட்டிருந்தீர்கள். அது தேவையில்லை. கைப்பேசியில் மூன்று கோடுகளை அழுத்தினால் விரியும் மெனுவானாலும், சுட்டியைக் கொண்டுபோனால் கீழே இறங்கும் மெனுவானாலும், இணைப்புகள் பக்கத்தின் எச்டிஎம்எல்லில் ஏற்கெனவே இருந்து தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸால் மறைக்கப்பட்டிருந்தால் கூகுள்பாட் அவற்றைப் படித்துக்கொள்ளும். விரிக்கும்போதுதான் சர்வரிலிருந்து புதிதாகக் கொண்டுவரப்படும் துணைமெனுக்களே சிக்கல்; விரிப்பதற்கு அங்கே யாரும் இல்லை. கீழிறங்கு பெட்டியில் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்தால் பக்கம் மாறும்படி அமைப்பதும் இதே காரணத்தால் கூடாது. இன்னொன்று: கைப்பேசித் திரை சிறியது என்று அங்கே மெனுவைச் சுருக்கி, கணினிக்கு மட்டும் முழு மெனுவைத் தருவது ஆபத்தானது. கூகுள் இன்டெக்ஸுக்காகத் தளங்களைப் பார்ப்பது இப்போது கைப்பேசி வடிவில்தான். 2016-இல் அறிவித்த அந்த மாற்றம், 2024 ஜூலை 5-க்குப் பிறகு மிச்சமிருந்த தளங்களுக்கும் பொருந்திவிட்டது. கணினித் திரையில் மட்டும் இருக்கும் இணைப்பை, இல்லாத இணைப்பாகவே கருதிக்கொள்ளுங்கள்.

உங்கள் தளத்தில் மெனுவை அடுத்து எனக்கு மிகவும் கவலை தருவது, தமிழ்–ஆங்கில மாற்றுப் பொத்தான்தான். நீங்கள் எழுதியிருப்பதன்படி, முதலில் உலாவியின் மொழி அமைப்பைப் பார்த்து, தமிழ் இல்லையென்றால் ஆங்கிலத்தைக் காட்டுகிறீர்கள், வாசகர் பொத்தானை அழுத்தினால் அவரது தேர்வு குக்கியில் பதிவாகிறது, முகவரி மாறுவதில்லை. இதை கூகுள்பாட்டின் இடத்தில் நின்று பாருங்கள். அதன் கோரிக்கைகளில் பெரும்பாலும் விருப்பமொழி எதுவும் குறிப்பிடப்படுவதில்லை. அது வரும் ஐபி முகவரிகள் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஒரு பக்கத்தில் பெற்ற குக்கியையும் உலாவிச் சேமிப்பையும் அடுத்த பக்கத்துக்கு எடுத்துச் செல்வதில்லை. பொத்தானை அழுத்துவதும் இல்லை. ஆகவே அது வரும் ஒவ்வொரு முறையும் உங்கள் தளம் அதற்கு ஆங்கிலத்தையே காட்டுகிறது. தமிழ் நூல்களை விற்கும் ஒரு தளத்தின் தமிழ்ப் பக்கங்களை கூகுள் இதுவரை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ‘சிறுவர் கதை நூல்கள்’ என்று ஒரு தாய் தமிழில் தேடும்போது உங்கள் பக்கம் வராததற்கு இதைவிட நேரடியான காரணம் வேண்டியதில்லை.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு மொழி வடிவத்துக்கும் தனி முகவரி. தமிழ் உங்கள் முதல் மொழி என்பதால் அதை வேர் அடைவிலேயே வைத்து, ஆங்கில வடிவத்தை அதற்கென ஓர் அடைவின் கீழ் வைக்கலாம். மாற்றுப் பொத்தான் ஒரு ஏ டேக்காக வேண்டும். அதன் எச்ரெஃப், அதே நூலின் மறுமொழிப் பக்கத்தைச் சுட்ட வேண்டும், மறுமொழியின் முகப்பை அல்ல. இரு பக்கங்களும் ஒன்றுக்கொன்று மொழி வடிவங்கள் என்று அறிவிக்கும் ‘எச்ரெஃப்லாங்’ குறிப்பையும் இரண்டு பக்கமும் சேருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினால் அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. உலாவியின் மொழியைப் பார்த்துத் தானாகத் திருப்பி அனுப்புவதை அடியோடு நீக்கிவிடலாம் என்பது என் கருத்து. வேண்டுமானால் பக்கத்தின் தலையில் ‘இதை ஆங்கிலத்தில் படிக்க’ என்று ஒரு வரி இணைப்பு வையுங்கள்.

தமிழ் முகவரிகள் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது நம் மொழித் தளங்களுக்கே உரிய சிக்கல், ஆங்கிலக் கையேடுகளில் கிடைக்காது. முகவரியில் தமிழ் எழுத்து இருப்பதில் தவறில்லை. கூகுள் அதைப் படிக்கும். ஆனால் இணையத்தில் பயணிக்கும்போது அந்த எழுத்து விழுக்காட்டுக் குறி கொண்ட குறியீடாக மாறிவிடுகிறது. ‘சிறுகதை’ என்பது நம் கணக்கில் நான்கு எழுத்து. யூனிகோடின் கணக்கில் அது ச, இகரக் குறி, ற, உகரக் குறி, க, த, ஐகாரக் குறி என 7 குறியீடுகள். ஒவ்வொன்றும் யூடிஎஃப் 8 முறையில் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்தாக விரியும். ஆக அந்தச் சின்னச் சொல் 63 எழுத்து நீளமாகிவிடுகிறது. நீளத்தைவிடப் பெரிய தொல்லை, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருக்கும் எழுத்துகள். ‘தொகுப்பு’ என்பதன் ‘தொ’வை, ஒகரக் குறி என்ற ஒரே குறியீட்டாலும் எழுதலாம், எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். எந்த விசைப்பலகை, எந்த எழுத்துரு மாற்றி என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று வரும். திரையில் துளியும் வேறுபாடு தெரியாது. முகவரியாக அவை இரண்டும் வேறு. மெனுவில் ஒருவர் ஒரு வகையிலும், பக்கத்தை உருவாக்கியவர் மற்றொரு வகையிலும் தட்டச்சு செய்திருந்தால், மெனு இணைப்பு 404 தரும், எழுத்துப்பிழை எங்கே என்று எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் அகப்படாது. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் இடுவது, காலுக்குப் பதிலாக ரகரம் இடுவது, ‘ஸ்ரீ’யை இரு வேறு குறியீடுகளில் எழுதுவது ஆகியவையும் இந்த வகையே. கொம்பும் காலும் பிரிந்த வடிவத்தை, என்எஃப்சி என்னும் யூனிகோட் ஒழுங்கமைப்பு ஒரே வடிவமாக்கிவிடும். முகவரி உருவாகும் இடத்திலேயே அதை ஒரு வரி நிரலாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மற்ற பிழைகளை அது தீர்க்காது. அவற்றை மனிதர்தான் பார்த்துத் திருத்த வேண்டும். மெனுவில் எந்த முகவரியையும் கையால் தட்டச்சு செய்யாமல், பக்கத்தின் பதிவிலிருந்தே நிரல் எடுத்துக்கொள்ளும்படி அமைத்தால் இந்தத் தொல்லையே எழாது.

பிரிவுப் பக்கங்களுக்குள் வருவோம். ‘சிறுகதை’ப் பிரிவில் முதல் 20 நூல்களைக் காட்டி, கீழே ‘மேலும் காட்டு’ பொத்தான் வைத்திருக்கிறீர்கள். மெனுவைச் சரிசெய்த பிறகும் கூகுள்பாட் இந்த 20 நூல்களோடு நின்றுவிடும், 21-ஆவது நூலுக்கு அங்கிருந்து வழியில்லை. பொத்தான் இருக்கட்டும், வாசகருக்கு அது வசதிதான். ஆனால் அதன் அடியில் இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று தனி முகவரி கொண்ட இணைப்புகளும் ஏ டேக்காக இருக்க வேண்டும். பொத்தானையே இரண்டாம் பக்கத்தைச் சுட்டும் ஏ டேக்காக எழுதி, ஜாவாஸ்கிரிப்ட் இயங்கும் உலாவியில் மட்டும் அதே பக்கத்தில் நூல்களைக் கூட்டிக் காட்டுவது அழகான தீர்வு. இரண்டாம் பக்கத்தின் மூலமுகவரிக் குறிப்பில் (‘கெனானிக்கல்’) முதல் பக்கத்தின் முகவரியை எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் இரண்டாம் பக்கம் முதல் பக்கத்தின் நகல் என்று நீங்களே சொன்னதாகிறது. ஒவ்வொரு பக்கமும் தன் முகவரியையே மூலமாகக் குறிக்க வேண்டும். முந்தைய பக்கம், அடுத்த பக்கம் என்று தலைப்பகுதியில் எழுதும் குறிப்புகளை கூகுள் பயன்படுத்துவதில்லை என்று 2019-இலேயே சொல்லிவிட்டது. அவற்றுக்காக உழைக்க வேண்டாம்.

வடிகட்டிகளில் மட்டும் என் ஆலோசனை தலைகீழாக இருக்கும். எழுத்தாளர், விலை, ஆண்டு, வரிசைமுறை என்று நீங்கள் நான்கு வடிகட்டிகள் வைத்திருக்கிறீர்கள். 12 எழுத்தாளர், 6 விலைநிலை, 5 ஆண்டுத் தொகுதி, 4 வரிசைமுறை என்று கொண்டாலே ஒரு பிரிவுக்கு 1,440 சேர்க்கைகள் வரும். அவை எல்லாவற்றையும் ஏ டேக்காக எழுதினால், 600 நூல்கள் உள்ள தளம் கூகுள்பாட்டுக்குப் பல்லாயிரம் பக்கங்களாகத் தெரியும். அது தன் நேரத்தை ஒரே நூல்களின் வெவ்வேறு அடுக்குகளில் செலவழித்து, புதிய நூல்களுக்கு வந்து சேரத் தாமதிக்கும். எனவே விலை, வரிசைமுறை போன்றவை வெறும் பொத்தான்களாகவே இருக்கட்டும், அவற்றின் முகவரிகளை ரோபாட்ஸ் கோப்பில் தடுத்தும் வைக்கலாம். எழுத்தாளர் மட்டும் வேறு. ஓர் எழுத்தாளரின் பெயரைத் தேடுவோர் உண்டு. அவருடைய எல்லா நூல்களும் ஓரிடத்தில் இருக்கும் பக்கம் அவர்களுக்குப் பயன்படும். அதற்குத் தனிப் பக்கமும் தனி முகவரியும் கொடுத்து, ஒவ்வொரு நூலின் பக்கத்திலும் எழுத்தாளர் பெயரை அந்தப் பக்கத்துக்கு இணையுங்கள். நூலின் பக்கத்தில் மேலே ‘முகப்பு, நூல்கள், சிறுகதை’ என்று வழிகாட்டும் வரி ஒன்றும் ஏ டேக்குகளாக இருந்தால், எந்தப் பக்கத்தில் நுழைந்தாலும் கூகுள்பாட் மேலேறி மற்ற நூல்களுக்குப் போய்விடும்.

இணைப்பில் எழுதும் சொல்லும் முக்கியம். இப்போது உங்கள் பட்டியலில் ஒவ்வொரு நூலின் அட்டைப்படத்தின் கீழும் ‘மேலும்’ என்ற சொல்தான் இணைப்பாக இருக்கிறது. இணைப்பின் சொல்லைக் கொண்டுதான் அது சுட்டும் பக்கம் எதைப் பற்றியது என்று தேடுபொறி ஓரளவு புரிந்துகொள்கிறது. ‘மேலும்’ என்பது எதையும் சொல்வதில்லை. நூலின் பெயரையே இணைப்பாக்குங்கள். அட்டைப்படமும் இணைப்பாக இருந்தால், படத்தின் ‘ஆல்ட்’ குறிப்பில் நூலின் பெயரும் எழுத்தாளர் பெயரும் இருக்க வேண்டும். படம் மட்டுமே உள்ள இணைப்பில் அந்தக் குறிப்புதான் சொல்லாகக் கொள்ளப்படுகிறது.

இதை எழுதும்போது, கண் தெரியாத வாசகர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. திரைவாசிப்பு மென்பொருளில் ஒரு பக்கத்தின் இணைப்புகளை மட்டும் பட்டியலாக வரவழைத்துக் கேட்கும் வசதி உண்டு. உங்கள் பிரிவுப் பக்கத்தில் அப்படி வரவழைப்பவர், ‘மேலும், மேலும், மேலும்’ என்று 20 முறை கேட்பார். டிவ்வால் ஆன உங்கள் மெனுவோ அந்தப் பட்டியலில் வரவே வராது; டேப் விசையை அழுத்தி அழுத்திப் போனாலும் அதில் போய் நிற்காது. கூகுள்பாட்டுக்காக நீங்கள் செய்யப்போகும் திருத்தங்களில் பெரும்பாலானவை இந்த வாசகருக்கும் கதவைத் திறப்பவை. தேடலில் எந்த மாற்றமும் வராமல் போனாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே அவற்றைச் செய்யத் தகும் என்று நான் கருதுகிறேன்.

தளத்தின் முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பு ஏற்கெனவே கொடுத்திருக்கிறோமே, அது போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது வேண்டும், ஆனால் மெனுவுக்கு மாற்றாகாது. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை தரலாம் என்பதால் உங்கள் 600 நூல்களும் அதில் அடங்கிவிடும். அதன் வழியே முகவரிகள் இருப்பதை கூகுள் அறியும். ஆனால் எந்தப் பக்கம் எதன் கீழ் வருகிறது, எதை நீங்களே முக்கியமாகக் கருதி முகப்பிலிருந்து சுட்டுகிறீர்கள் என்பதை சைட்மேப் சொல்லாது. தளத்துக்குள் எந்தப் பக்கமும் சுட்டாத ஒரு பக்கத்தை எடுத்துவைக்கத் தேடுபொறிக்கு வலுவான காரணம் இல்லை. சர்ச் கன்சோலில் உங்கள் நூல் பக்கங்கள் ‘கண்டறியப்பட்டது, தற்போது இன்டெக்ஸ் செய்யப்படவில்லை’ என்ற வகையில் நிற்பது இதனோடு பொருந்திவருகிறது: முகவரி சைட்மேப்பில் கிடைத்தது, எடுத்துப் பார்க்கும் ஆர்வம் எழவில்லை.

திருத்தியதைச் சரிபார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கைப்பேசியில் மெனுவின் ஒரு வரியை விரலால் அழுத்திப் பிடியுங்கள்; ‘புதிய தாவலில் திற’ என்ற தேர்வு வந்தால் அது உண்மையான இணைப்பு, எதுவும் வராவிட்டால் அது இணைப்பு வேடமிட்ட டிவ். அடுத்து, கணினி உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட்டை நிறுத்திவிட்டு முகப்பிலிருந்து ஏதாவது ஒரு பழைய நூலின் பக்கம்வரை கிளிக் செய்தே போக முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாக, சர்ச் கன்சோலின் முகவரி ஆய்வுக் கருவியில் முகப்பைக் கொடுத்து நேரடிச் சோதனை நடத்தி, அது காட்டும் எச்டிஎம்எல்லில் ‘சிறுகதை’ப் பிரிவின் முகவரியைத் தேடுங்கள். உங்கள் உலாவியில் தெரிவதையல்ல, கூகுள் கையில் இருப்பதைக் காட்டும் இடம் அதுதான்.

இவை அனைத்தையும் விட முதலில் கவனிக்க வேண்டிய ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், ஏனெனில் மேலே சொன்ன குறியீட்டுக் கணக்கு இல்லாமல் அது புரியாது. பழைய வேர்ட்பிரஸ் தளத்தின் முகவரிகளுக்கு வாசகர்களும் வலைப்பதிவர்களும் பல ஆண்டுகளாகக் கொடுத்த இணைப்புகள் வெளியே இருக்கின்றன. அவற்றை 301 என்னும் நிரந்தரத் திருப்பமாகப் புதிய முகவரிகளுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் அமைத்ததாகச் சொல்லும் திருப்பங்கள் பாதி நூல்களுக்கு வேலை செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் இதுவாக இருக்கும்: வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிச் சொல்லை 200 எழுத்துக்குள் வெட்டிவிடும், அதுவும் விழுக்காட்டுக் குறியீடாக விரித்த பிறகு. ஒரு தமிழ்க் குறியீடு 9 எழுத்தாக விரிவதால், ஏறத்தாழ 22 குறியீடுகளோடு நூலின் பெயர் அறுந்துவிடும், சில வேளைகளில் உயிர்மெய்யின் குறி இல்லாமல் வெறும் அகரத்தோடு. உங்கள் நிரலாளர் நூலின் முழுப் பெயரிலிருந்து பழைய முகவரியை ஊகித்துத் திருப்பங்களை எழுதியிருந்தால், பெயர் சிறியதாக உள்ள நூல்களுக்கு மட்டும்தான் அவை பொருந்தும். பழைய தரவுத்தளத்தின் நகலில் பதிவுகள் அட்டவணையில், அறுந்த வடிவம் அப்படியே ஒவ்வொரு பதிவுக்கும் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த நெடுவரிசையை எடுத்து, பதிவு எண்ணைக் கொண்டு புதிய முகவரியோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்தச் சொல்லுங்கள். குறைந்தது ஓராண்டு, முடிந்தால் அதற்கு மேலும், அந்தத் திருப்பங்களை நீக்காமல் வைத்திருங்கள். நகல் உங்கள் பழைய ஹோஸ்டிங் கணக்கில்தான் இருக்கிறது என்றால், அந்தக் கணக்கின் சந்தா முடிவதற்குள் இன்றே அதை இறக்கிக்கொள்ளுங்கள்.